நள்ளிரவு மருத்துவர்க்கு ஆய்வு நல்கை வேண்டும்

வயலுக்கு நீர் திருப்ப இரவில் இறங்கிய உழவனின் காலில் ஏதோ கடிக்கிறது. கடித்தது கண்ணாடி விரியனா, சுருட்டை விரியனா, நஞ்சில்லாத வேறு பாம்பா என்பது இருட்டில் அவனுக்குத் தெரிவதில்லை. உற்றார் முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுகக் கட்டி, 108 ஊர்தியில் ஏற்றி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாயிலில் கொண்டுவந்து இறக்குகின்றனர். அந்த நேரத்தில் அங்கு நிற்பவர் பேரும் புகழும் பெற்ற பேராசிரியர் அல்லர். நெருக்கடி மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பயிலும் இளமருத்துவர் ஒருவரே நிற்கிறார். இருபத்தைந்தைச் சற்றே கடந்த அகவை. இரவெல்லாம் இமை மூடாத கண்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் எடுக்கும் முடிவே அவ்வுழவனின் வீட்டில் விளக்கெரியுமா, ஒப்பாரி எழுமா என்பதைத் தீர்க்கிறது.

அந்த முடிவுக்கு அவருக்குத் துணை நிற்கும் அறிவு எங்கிருந்து வந்தது? வெளிநாட்டு நூல்களிலிருந்து வந்தது பெரும்பகுதி. மூத்தவர்களின் பட்டறிவிலிருந்து வந்தது எஞ்சிய பகுதி. இந்த மண்ணின் நோயாளரை, இந்த மண்ணின் மருத்துவமனையிலேயே வைத்து முறையாக ஆராய்ந்து கண்ட அறிவோ மிகச் சிறிது. அதனை வளர்க்க வேண்டிய இளமருத்துவர்க்கு ஆய்வுப் பணம் என்று கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இக்குறை தமிழ்நாட்டில் பேசப்படுவதே இல்லை. மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை பேசப்படுகிறது. படுக்கைகளின் எண்ணிக்கை பேசப்படுகிறது. ஊர்திகளின் எண்ணிக்கை பேசப்படுகிறது. வாயிலில் நிற்பவர் கேட்கும் கேள்விக்கு விடை தேடப் பணம் உண்டா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

நெருக்கடி மருத்துவம் இந்நாட்டில் தனித்துறையாக ஏற்கப்பட்டதே 2009-ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவிலோ 1968-இல் அத்துறை மருத்துவர்களுக்கெனத் தனிக் கல்லூரி அமைப்பு எழுந்தது. 1970-இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் அத்துறையில் முதற் பயில்மருத்துவரை ஏற்றது. 1979-இல் அது தனித்துறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இவற்றுள் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தனித்துறை என்ற ஒப்புதல் கிட்டுவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1972-இல், அம்மருத்துவர்கள் தங்கள் துறையின் ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவிக்கொண்டனர். அவ்வறக்கட்டளையும் பயில்மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து, பயிற்சியில் இருக்கும் இளமருத்துவர்க்கென்றே சில ஆயிரம் தாலர் அளவில் ஆய்வு நல்கை வழங்கி வந்துள்ளன. பெருந்தொகை அன்று. ஆயினும், கேள்வி கேட்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊன்றுவதற்கு அது போதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அங்கிருந்து நூல்களையும் கருவிகளையும் மருந்துகளையும் இறக்குமதி செய்துகொண்ட இந்நாட்டார், இந்த ஒரு பழக்கத்தை மட்டும் இறக்குமதி செய்ய மறந்துவிட்டனர்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோர்க்கு இதன் பொருள் விளங்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழப் பன்னிரண்டு இலக்கம் பேர் என்று 2020-இல் வெளியான பெரும் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர்! மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். உலக நலவாழ்வு அமைப்பு இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017-இல். தமிழ்நாட்டரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது 2024-இல். நல்லதே. ஆனால் எண்ணிக்கை தெரிந்துவிட்டால் மருத்துவம் தெரிந்துவிடுமா?

நச்சுமுறி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாகத் தந்து வருவோர் தமிழ்நாட்டு இருளர்களே. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு அமைப்பு 1978-இல் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை அவர்கள் எடுத்துத் தர, குதிரைகளின் குருதியில் அம்மருந்து உருவாகி நாடு முழுதும் செல்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் வேறுபடுகிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கடிக்கும், மூக்கு மேல்நோக்கி எழும்பிய குழிவிரியனுக்கோ இந்த நான்கு நஞ்சு மருந்து பயன்படுவதில்லை. முதலில் 8 முதல் 10 குப்பி செலுத்துக என்று நெறிமுறை கூறுகிறது. குழந்தைக்கும் அதே அளவு. கடிக்கும் பாம்பு ஆளின் அகவை பார்த்தா நஞ்சை அளந்து விடுகிறது? அதன்பின் எத்தனை குப்பி? எப்பொழுது நிறுத்துவது? சிறுநீரகம் கெடப்போகிறவர் இன்னார் என்று முதல் மணி நேரத்திலேயே கண்டுகொள்ள வழியுண்டா? இவற்றிற்கு இலண்டனோ நியூயார்க்கோ விடை சொல்லப்போவதில்லை. அங்கே கண்ணாடி விரியன் வயல்வரப்பில் படுத்திருப்பதில்லை.

இவ்வாய்வுகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று எண்ணுவோரும் உளர். கடிபட்டவர் குருதி கெட்டுள்ளதா என்று பார்க்க இன்றும் கைக்கொள்ளப்படும் சோதனை என்ன? ஈரமற்ற தூய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி குருதியை விட்டு, 20 மணித்துளி அசைக்காமல் நிறுத்திவைத்து, பின் சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் நஞ்சு குருதியில் வேலை செய்கிறது என்று பொருள். இவ்வளவே. அக்குழாய் நெகிழியால் ஆனதாயினும், வழலை இட்டுக் கழுவியதாயினும், நல்ல குருதியும் உறையாது நின்று மருத்துவரை ஏமாற்றிவிடும். ஒரு மருத்துவமனையில் எத்தனை முறை அவ்வாறு ஏமாறினர், அதனால் எத்தனைக் குப்பி வீணாயிற்று என்று ஓர் இளமருத்துவர் ஓராண்டு கணக்கெடுத்தால் அதற்கு ஆகும் செலவு, பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போடும் செலவைவிடக் குறைவு.

செலவு குறைவென்றால் அதை மாணவரே ஏற்கட்டுமே என்பர் சிலர். அதைத்தான் இப்பொழுது செய்துகொண்டிருக்கின்றனர். முதுநிலைப் பட்டத்துக்கு ஆய்வேடு கட்டாயம். ஆய்வுக்காக மட்டும் செய்யும் சோதனைக்கு நோயாளரிடம் காசு வாங்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நன்னெறி விதி கூறுகிறது, அதுவே அறம். ஆகவே சோதனைப் பொருள்களின் விலை, கணக்கியலார்க்குக் கூலி, வீடு திரும்பியவர் மறுபடி வந்து காட்டுவதற்குப் பேருந்துக் கட்டணம் ஆகிய அனைத்தும் மாணவர் தலையில் விழுகின்றன. விளைவு யாது? நெஞ்சில் எழும் கேள்வி ஒருபுறம் கிடக்க, காசு செலவாகாத தலைப்பைத் தேடி எடுக்கின்றனர். பழைய ஏடுகளைப் புரட்டி ஐம்பது பேர் கணக்கை எழுதி முடிக்கின்றனர். பொன்னெழுத்துப் பொறித்த அட்டைக்கு ஆன பணம் உள்ளே இருக்கும் ஆய்வுக்கு ஆன பணத்தை விஞ்சி நிற்கும் ஏடுகளும் உண்டு. அவை நூலக அடுக்கில் ஏறி உறங்குகின்றன. இதற்கு மாணவரைக் குறை கூறுவது முறையன்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

ஆய்வு செய்யும் முறையைக் கற்பிக்கக் கட்டாயப் படிப்பு ஒன்று 2019 முதல் உண்டு. அதனை நடத்துவது சென்னையிலேயே உள்ள நாட்டு நோய்ப்பரவலியல் நிறுவனம். முதுநிலை மாணவர் சிலரைத் தேர்ந்து ஆய்வேட்டுக்குப் பொருளுதவும் திட்டத்தையும் ஆராய்ச்சிக் கழகம் நடத்தி வந்துள்ளது. ஆயினும் எல்லா மாநிலத்து எல்லாத் துறை மாணவரும் அந்த ஒரு வாயிலில்தான் முண்டியடிக்க வேண்டும். புதிதாய்ப் பிறந்த நெருக்கடி மருத்துவம் அக்கூட்டத்தில் கடைசியில் நிற்கும் பிள்ளை.

மருத்துவம் செய்யவே பணம் போதாதபொழுது ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்வி அடுத்து எழும். அதற்கு விடை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கடுங்காய்ச்சலால் குருதியோட்டம் தளர்ந்த குழந்தைக்கு நாளத்தின் வழியே விரைந்து நீர்மம் ஏற்றுக என்று மேலை நாட்டு நூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. உயிர்மூச்சுப் பொறிகள் நிறைந்த மருத்துவமனைகளில் எழுதப்பட்ட பாடம் அது. உகாண்டா, கெனியா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், அத்தகைய பொறிகள் இல்லாத மருத்துவமனைகளில், 3,141 குழந்தைகளிடம் இதனைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். விரைந்து நீர்மம் ஏற்றப்பட்டவருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இரண்டு நாளுக்குள் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதவருள் இறந்தோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. நன்மை என்று நம்பிச் செய்தது நூற்றுக்கு மூன்று குழந்தைகளைக் கூடுதலாகக் கொன்றது! சாம்பியாவில் குருதிநச்சு கண்ட பெரியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வும் இதே பக்கமே சாய்ந்தது. ஆராய்ந்து பாராமல் இரவல் அறிவால் மருத்துவம் செய்வதற்கும் விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் ஏழை மக்கள் என்பதால் அது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை.

மாறாக, வாயிலில் நின்றவரே கேள்வி கேட்டதால் விளைந்த நன்மையும் உண்டு. மராட்டிய மாநிலத்துக் கொங்கணக் கரையில், மகாடு வட்டாரத்தில், செந்தேள் கொட்டிய குழந்தைகள் நெஞ்சாங்குலை தளர்ந்து மாண்டுகொண்டிருந்தனர். அங்குச் சிற்றூர் மருத்துவராய் இருந்த இம்மத்ராவ் பாவசுகர், ஒவ்வொரு நோயாளரின் படுக்கையருகிலும் அமர்ந்து நாடியும் வியர்வையும் மூச்சும் குறித்துவைத்தார். அவருடைய கண்டறிவு 1982-இல் இலண்டன் 'இலான்செட்டு' இதழில் வெளிவந்தது. குருதியழுத்தத்துக்கு வழங்கும் பிரசோசின் என்ற மலிவான மருந்து அந்நஞ்சின் வலுவை அடக்குகிறது என்பதையும் அவர் 1986-இல் எழுதினார். நூற்றுக்கு முப்பது பேரளவு மாண்ட நிலை மாறி, ஒன்றிரண்டு பேர் என்ற நிலை வந்தது. அவருக்குப் பெரிய ஆய்வுக்கூடம் ஏதும் இருந்ததில்லை. இதைச் சொன்னவுடன், 'பார்த்தீர்களா, பணமின்றியே செய்தார்' என்று கணக்கு எழுதுவோர் மகிழக்கூடும். நூறு பேர் கேள்வியோடு நின்ற இடத்தில் ஒருவர் மட்டும் வறுமையைத் தாண்டி வந்தார் என்றால், கைவிட்டுப் போன தொண்ணூற்றொன்பது பேரின் கேள்விகளை யார் கணக்கெழுதினர்?

கனடாவின் ஒட்டாவா நகரில் இயான் சுடீல் என்னும் நெருக்கடி மருத்துவரும் அவருடன் இருந்தோரும் 1992-இல் வெளியிட்ட எளிய நெறியொன்றும் இவ்வகையினதே. கணுக்கால் பிசகி வருபவரின் எலும்பைக் குறிப்பிட்ட சில இடங்களில் அழுத்திப் பார். நாலடி நடக்கச் சொல்லிப் பார். இரண்டிலும் குறையில்லையாயின் ஊடுகதிர்ப் படம் வேண்டா என்பதே அது. விரல்நுனியும் நாலடி நிலமும் தவிர வேறு கருவியில்லை. எத்தனை ஏழைகளின் காசு மிஞ்சியிருக்கும்!

தமிழ்நாட்டரசு 2021 திசம்பர் 18-இல் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தொடங்கி, சாலை நேர்ச்சியில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரம், தொடக்கத்தில் ஓர் இலக்கம் உருபா வரை, கட்டணமின்றி மருத்துவம் பெற வழிசெய்தது. பாராட்டத்தக்க செயல். அந்த 48 மணி நேரத்தில் செய்யப்படுவனவற்றுள் எது உயிரைக் காத்தது, எது வீண், எது தீங்கு என்று தேறப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் என்ன? மருந்து முதலாளிகளிடம் கை நீட்டி ஆய்வு செய்தால் கேள்வியும் அவர்களுடையதாகவே ஆகிவிடும். கண்ணாடிக் குழாயை ஆராய்வதற்கு எந்த முதலாளி பணம் தருவான்? ஆகவே இது அரசும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டிய கடன்.

நல்கை பெறுவோர்க்கு விதிகளும் வேண்டும். கேள்வி வாயிலில் கண்டதாக இருக்க வேண்டும். அயலார் ஏட்டிலிருந்து படியெடுத்ததாக இருத்தல் கூடாது. எண்ணியது பொய்த்துவிட்டாலும் அதையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். நோயாளர் ஒப்புதல் தரும் தாள் அவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒட்டியது தமிழாகாது. எப்பொழுது கடித்தது என்று கேட்டால் சிற்றூர்ப் பாட்டி கடிகாரம் பார்த்துச் சொல்லமாட்டாள். 'விளக்கு வைக்கிற நேரம்', 'முதற்கோழி கூவையிலே' என்றுதான் சொல்வாள். அதை மணியாக மாற்றிக் குறிக்கத் தெரிந்தவர்க்கே அவ்வாய்வு கைகூடும். கண்ட முடிவின் சுருக்கம் தமிழில் அச்சாகி, ஒவ்வோர் ஆரம்ப நலவாழ்வு நிலையத்துக்கும் செல்லவும் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. பட்டப்படிப்பு மூன்றாண்டு. தேர்வுக்கு ஆறு மாதம் முன்னரே ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். முதல் மாதங்கள் வேலை பழகுவதில் போய்விடும். எஞ்சுவது ஏறத்தாழ இரண்டாண்டு. பாம்புக்கடி மிகும் மழைக்காலம் அதில் இரண்டே முறை வரும். விண்ணப்பம் மேசைக்கு மேசை நகர்ந்து, ஒப்பம் மேல் ஒப்பமாக ஏறி, ஓராண்டு கழித்து ஆணை வந்தால் ஒரு மழைக்காலம் கைவிட்டுப் போயிருக்கும். ஆறு வாரத்துக்குள் ஆம், இல்லை என்று சொல்லிவிடும் சிறுகுழு ஒன்றை, நெருக்கடி வாயிலில் வேலை செய்த மருத்துவர்களைக் கொண்டே அமைத்து, வரும் கல்வியாண்டின் புது மாணவர் சேரும் முன்னரே அறிவித்தல் வேண்டும்.