எருவோடு ஏறும் நஞ்சு

எருவிட்டால் மண்ணின் நஞ்செல்லாம் தீரும் என நம்புவோர் இன்று பெருகியுள்ளனர். எருவின் பெருமையைத் தமிழ் உழவன் வழிவழியாக அறிவான். ஆயினும், அது வேலை செய்யும் வகையை அறியாமல் போற்றுவது அறிவுடைமை ஆகாது.

எருவும் தழையும் மட்கும்போது அவற்றின் ஒரு பகுதி நீரில் கரைகின்றது. எருக்குழியின் அடியில் வடியும் பழுப்புநீரே அதற்குச் சான்று. இக்கரைந்த கரிமப்பொருள், மண்ணில் கரையாது கிடக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக் கரைத்து வேரண்டை சேர்க்கின்றது, பயிர் தழைக்கின்றது. ஆனால், மண்ணில் செம்பும் காரீயமும் மிகுந்திருப்பின் அவற்றை இன்னும் இறுகப் பற்றும். மண்துகளில் ஒட்டிக்கிடந்த மாழை அப்போது நீரோடு நகர்ந்து வேரை நாடும், கிணற்றுக்கும் இறங்கும்.

அவ்வாறு பிணைப்புண்ட மாழை முழுவதையும் வேர் உடனே உறிஞ்சுவதில்லை என்பதும் மெய்யே. எனவே, விளைவு மண்ணின் புளிப்பையும் எருவின் முதிர்ச்சியையும் பொறுத்தது. நன்கு மட்கிய எருவின் கரையாப் பகுதி நஞ்சை மண்ணிலேயே கட்டிவைக்கும். அரைகுறையாய் மட்கியதோ கரையும் பகுதியை மிகுதியாய் வெளிவிடும்.

அயனம்பாக்கத்தார்க்கு இஃது ஏட்டுச்செய்தி அன்று. அவ்வூரின் ஏரி ஒருபுறம், கூவம் ஒருபுறம், அணித்தே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. இத்தகைய ஊரில் சாய்க்கடைநீரும் தொழிற்கழிவும் கலக்க விட்டால், கரிமப்பொருளும் மாழையும் ஒருங்கே நிலம் புகும். அந்நிலத்தில் விளைந்த கீரையை எத்துணை அவித்தாலும் அதிலுள்ள காட்மியம் அழியாது. சப்பானில் சின்சு ஆற்றின் மேற்புறச் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம், வயல்வழி நெல்லில் ஏறி, மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்தது. அந்நோயின் கரணியத்தை அந்நாட்டு அரசு 1968இல்தான் ஒப்புக்கொண்டது.

நம் நிலை யாது? நடுவணரசு 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 கூறுகளை அளந்து காட்டுகின்றது. கரிமமும் துத்தநாகமும் செம்பும் அவற்றுள் உண்டு. காரீயமும் காட்மியமும் இல்லை! தொழிற்பேட்டையை அடுத்த நிலங்களுக்கேனும் இவ்விரண்டையும் அளந்து சொல்லுதல் அரசின் கடன் அன்றோ?

சொல்வதையும் தமிழில் சொல்லுக. ஆய்வுமுடிவில் வரும் ‘பி.எச்.’, ‘ஈ.சி.’ என்னும் குறிகள் உழவனுக்கு என்ன உணர்த்தும்? புளிப்பு, களர், உவர் என்னும் சொற்கள் அவன் நாவிலேயே உள்ளன. அவன் மண்ணைப் பற்றிய அறிவை அவனுக்கு விளங்காத மொழியில் பூட்டிவைப்பது, அவனை அறியாமையில் இருத்திவைப்பதேயாம்.

எருவைக் கைவிடல் வேண்டா. முதிர மட்கவிட்டு இடுக. மாழைக் கழிவை ஏரியின் வாயிலிலேயே தடுத்து நிறுத்துக. மண்ணைக் காக்கும் அறிவு மண்ணின் மொழியில் வருக!