ஒரு தெருவின் காய்கறித் தோட்டம்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையின் நியாயவிலைக் கடைகளில் அரசே அதைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அரிசியும் சர்க்கரையும் வாங்கும் இடத்தில் தக்காளி விற்கும் நிலை வந்தது. இப்படி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். விலை இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் 48 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 2,400 ரூபாய் ஆகிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தால் இந்தத் தொகையை ஒதுக்க முடியாது. அங்கே முதலில் நின்றுபோவது பழம். அடுத்தது காய். கடைசியில் குழம்பும் சோறும்தான் மிஞ்சும்.

பத்துச் செடிப்பைகள் இந்த 48 கிலோவைத் தந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மாடியில் வளர்த்துக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாவது வேறு வகை. அரைக்கீரை ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கலாம். கடையில் வாங்கிய பொன்னாங்கண்ணியின் தண்டை ஊன்றினாலே துளிர்க்கும். பச்சை மிளகாய்ச் செடி இரண்டு இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். கறிவேப்பிலையைச் சொல்லவே வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில் ஒரு வாழை, முற்றத்து மூலையில் ஒரு பப்பாளி என்று நம் பாட்டிமார் வைத்ததெல்லாம் வீட்டுக் கணக்கு தெரிந்து வைத்தவைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை நட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மார்கழியில் சந்தையில் முருங்கைக்காய் விலை ஏறுவது, அப்போது மரம் சரியாகக் காய்க்காததால்தான். சந்தையில் இல்லாத காய் நம் வீட்டு மரத்தில் மட்டும் தொங்காது. ஆகவே காய்ப்பு மிகுந்த மாதத்தில் வற்றலும் ஊறுகாயும் போட்டு வைக்கத் தெரிந்த வீட்டுக்கே தோட்டத்தின் முழுப் பயன் கிடைக்கும். கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய் எல்லாம் சிக்கனத்துக்காகவே பிறந்த கைப்பக்குவங்கள். அவற்றையும் சேர்த்துத்தான் தோட்டம் என்று நாம் எண்ண வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021-இல் தோட்டக்கலைத் துறை 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தொகுப்பை 225 ரூபாய்க்குக் கொடுத்தது. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பையும் பழச்செடித் தொகுப்பையும் இலவசமாகவே வழங்கினார்கள். விதை வீட்டுக்கு வந்துவிடுகிறது. முளைத்த பிறகுதான் தொல்லைகள் தொடங்குகின்றன.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால் செடி கருகிக் கிடக்கும். ஒரு வீட்டில் மாவுப்பூச்சி வந்து அவர்கள் கவனிக்காமல் விட்டால், வேப்பெண்ணெய் தெளித்துக் காத்த பக்கத்து மாடியும் தப்பாது. வாடகை வீடென்றால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் தடுப்பார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஈரம் ஏறிய பை கனமானது. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, செங்கல் மேலோ இரும்புத் தாங்கியிலோ வைத்து, வடியும் நீரைத் தேங்கவிடாமல் இருந்தால் அச்சம் தீரும். டெங்கு கொசுவுக்கும் இடமிருக்காது. குடிவருபவரும் உரிமையாளரும் முதல் நாளே இதைப் பேசி வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள்ளும் ஒரு பேச்சு தேவை. தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது, பூச்சி பார்ப்பது எல்லாம் ஏற்கெனவே சமைத்துத் துவைக்கும் அம்மாவின் தலையிலேயே விழுந்தால் அது மிச்சமே அல்ல. அவருடைய உழைப்புக்குக் கூலி போட்டால் கீரை கடையைவிட விலை கூடிவிடும். பிள்ளைகளும் ஆண்களும் முறை வைத்துச் செய்ய வேண்டும்.

பத்து வீடுகள் சேர்ந்தால் செலவு பெருமளவு குறையும். நாட்டு ரகங்களில் முற்றிய காயிலிருந்து விதை எடுத்து மாற்றிக்கொள்ளலாம். வீரிய ஒட்டு விதையில் இது சரிவராது. ஒரு வீட்டுக் காய்கறிக் கழிவு நல்ல உரமாக மட்குவதற்குள் நாளாகும். பத்து வீட்டுக் கழிவைக் காய்ந்த இலையோடு கலந்து ஒரே இடத்தில் போட்டால் உரம் வாங்கும் செலவே இராது. முருங்கை ஒரு வீட்டில், பப்பாளி இன்னொரு வீட்டில் என்று பிரித்துக்கொண்டால் இடமும் மிச்சம்.

மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் இதில் கடமை உண்டு. நாம் பிரித்துக் கொடுக்கும் மட்கும் குப்பையில் விளைந்த உரம், குறைந்த விலையிலாவது அந்தந்த வட்டத்து மக்களுக்கே திரும்பி வர வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளிக்கென ஒதுக்கப்படுகிறது. அவற்றில் புதர் மண்டிக் கிடப்பவற்றின் ஒரு மூலையையாவது மாடியோ முற்றமோ இல்லாத குடும்பங்களுக்குப் பாத்தி பிரித்துத் தரலாம். தோட்டத்தில் விளையாத மீதிக் காயை வாங்க உழவர் சந்தை இருக்கிறது. விளைவிக்கும் கை உழவரிடம் பேரம் பேசாது.

2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை அரசு, வீட்டுத்தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்தது. ஆனால் பப்பாளி காய்த்துப் பழுக்கவே ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். பசி வாசலுக்கு வந்த பிறகு நட்டால் எந்தச் செடியும் அவசரத்துக்கு உதவாது.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் நான்கு வீட்டார் கூடி உட்காருங்கள். யார் வீட்டில் முருங்கை, யாரிடம் கீரை விதை, யார் ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது என்று அன்றே பேசி முடிவு செய்யுங்கள்.