இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடுங்கள், ஜின்!

ஒரு பாடகருக்கு ரசிகராக இருப்பது வேறு. அவருடைய விற்பனைப் பிரதிநிதியாக இருப்பது வேறு. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். டிசம்பர் சீசனில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டு, 'பேஷ், பேஷ்' சொன்ன அதே மனிதர்தான், கேன்டீனில் காபியை ஆற்றிக்கொண்டே, "எல்லாம் சரி, நிரவல்தான் கொஞ்சம் அவசரம்" என்பார். அதனால் வித்வானுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அடுத்த கச்சேரிக்கு முதல் ஆளாக வந்து நிற்பவரும் அவர்தான்.

கொரியப் பாடல்களின் ரசிகர்களான எங்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. ஒரு தொகுப்பு வெளிவந்தால் எத்தனை பிரதி விற்றது, எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். பாட்டு எப்படி என்று கேட்டால், "பிரமாதம்" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். குறை சொன்னவரைத் துரோகி என்கிறோம். பி.டி.எஸ். குழுவின் மூத்தவரான ஜின்னின் 'எக்கோ' தொகுப்பைப் பற்றி, அவருடைய ரசிகர்களில் ஒருவனாக, கேன்டீன் காபிக்காரரின் முறையில் நான்கு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

வீட்டுச் சுவரில் படத்தை மட்டும் பார்த்திருக்கும் பெற்றோர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். கிம் சியோக்ஜின் 1992 டிசம்பர் 4-இல் பிறந்தவர். 2013 ஜூன் 13-இல் ஏழு பேர் கொண்ட பி.டி.எஸ். குழுவில் ஒருவராக மேடை ஏறினார். 2022 டிசம்பரில், குழுவில் முதல் ஆளாகக் கட்டாய ராணுவப் பணிக்குச் சென்று, 2024 ஜூன் 12-இல் திரும்பினார். அதே ஆண்டு நவம்பர் 15-இல் 'ஹேப்பி' என்ற முதல் தனித் தொகுப்பு ஆறு பாடல்களோடு வந்தது. 2025 மே 16-இல் 'எக்கோ' ஏழு பாடல்களோடு வந்தது. இரண்டுமே கிடார், டிரம்ஸ், பேஸ் என்று வாத்தியக் குழுவின் ஒலியை நம்பி அமைந்தவை. சுருக்கமாக, ராக்.

நடனக் குழுவில் இருந்தவர் திடீரென்று ராக் பக்கம் ஏன் போனார் என்று கேட்பவர்கள் உண்டு. திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. 2018-இல் வந்த 'எபிஃபனி' பாட்டைக் கேட்டவர்களுக்கு, அதன் பிற்பகுதியில் குரல் உயர உயரக் கிடாரும் உடன் ஏறுவது நினைவிருக்கும். 2022 அக்டோபரில், ராணுவத்துக்குப் போகுமுன், பிரிட்டனின் 'கோல்ட்ப்ளே' குழுவினரோடு சேர்ந்து உருவாக்கிய 'தி அஸ்ட்ரோநாட்' பாட்டும் இதே பாதைதான். ஏழு பேர் பங்கிட்டுப் பாடும் பாட்டில் அவருக்குக் கிடைத்தது பல நேரங்களில் ஓரிரு வரிகளே. அந்த வரிக்குள் குரல் நிமிர்ந்து நிற்பதற்குள் அடுத்தவர் முறை வந்துவிடும். அவருடைய குரல் நின்று, நீண்டு, மேலே போகும் குரல். அதற்கு இடம் கொடுப்பது வாத்தியக் குழுதான். ஆகவே ராக் என்ற தேர்வில் எனக்குக் குறையே இல்லை. பொருத்தமான தேர்வு என்றே சொல்வேன்.

ஆனால் ராக் என்ற சொல்லுக்குக் கொரியாவில் ஒரு தனிக் கனம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொகுப்பை எடைபோட முடியாது.

ஷின் ஜுங்-ஹியோன் என்ற கிடார் கலைஞரை கொரிய ராக் இசையின் தந்தை என்பார்கள். 1938-இல் பிறந்தவர். கொரியாவில் முகாமிட்டிருந்த அமெரிக்க எட்டாம் ராணுவத்தின் மேடைகளில் வாசித்தே தொழிலில் கால் ஊன்றினார். 1970களின் தொடக்கத்தில், ராணுவ ஆட்சியிலிருந்து வந்த அதிபர் பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதித் தரும்படி அவரிடம் கேட்டார்கள். மறுத்துவிட்டார். பதிலுக்கு நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பாடி ஒரு பாட்டுச் செய்தார். 1975-இல் கஞ்சா வழக்கில் கைதானார். அவர் பாடல்களுக்குத் தடை விழுந்தது. 1979-இல் அந்த அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டு ஆட்சி முடியும் வரை அவரால் மேடை ஏற முடியவில்லை.

அவருடைய மகன் ஷின் தே-சோல் தொடங்கிய 'சினாவி' குழுவின் முதல் தொகுப்பு 1986-இல் வந்தது. அந்தக் குழுவில் பதின்வயதில் பேஸ் கிடார் வாசித்த பையன்தான் பின்னாளில் சோ தைஜி. 1992-இல் இரு நண்பர்களோடு 'சோ தைஜி அண்ட் பாய்ஸ்' என்ற பெயரில் வந்து கொரிய இளைஞர் இசையின் முகத்தையே மாற்றினார். 1995-இல் அவருடைய பாட்டு ஒன்றின் வரிகளை மாற்றும்படி தணிக்கையாளர்கள் சொன்னபோது, மாற்ற மனமில்லாமல் வரிகள் அனைத்தையும் நீக்கி, வெறும் வாத்திய இசையாக அதை வெளியிட்டார். சொல்லாத சொல் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். அடுத்த ஆண்டே பாடல்களுக்கு முன்தணிக்கை என்ற ஏற்பாடு ஒழிந்தது.

இது ஜின்னுக்குச் சம்பந்தமில்லாத பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக் மைதானத்தில் சோ தைஜியின் 25-ஆம் ஆண்டு நிகழ்ச்சி நடந்தபோது, அவரோடு மேடையில் பாடி ஆடியவர்கள் பி.டி.எஸ். குழுவினர். ஜின் அங்கே இருந்தார். நடனக் குழுவிலிருந்து ராக் பக்கம் வந்தவர்களில் அவர் முதல் ஆளும் இல்லை. கிம் ஜே-ஜுங் 2013-இல் தம் முதல் தனித் தொகுப்பை ராக் தொகுப்பாகவே வெளியிட்டபோது, அதற்கு இசை அமைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் சினாவி குழுவின் முன்னாள் பாடகர் கிம் பா-டா. ஆக, சங்கிலியில் ஒரு கண்ணி இன்னொன்றோடு கோத்துக்கொண்டே வருகிறது.

இனி 'எக்கோ'வுக்கு வருவோம்.

முதல் பாட்டு 'டோன்ட் சே யூ லவ் மீ'. தொகுப்பின் முகப்புப் பாட்டும் அதுவே. பிரியவேண்டிய இருவர், பிரிய மனமில்லாமல் நிற்கும் நிலை. குரலில் பழுது சொல்ல முடியாது. ஒரு முறை கேட்டால் நாள் முழுக்க வாயில் வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் என் முதல் குறை இங்கேதான். ஏழு பாட்டிலும் ராக் வாசனை மிகக் குறைந்த பாட்டு இது. முழுக்க ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாட்டும் கூட. அயல்நாட்டு வானொலிகளை மனத்தில் வைத்து வாசல் கதவுக்கு மட்டும் வேறு வண்ணம் பூசியதுபோல் இருக்கிறது. கொரிய மொழி தெரியாமலேயே பத்து ஆண்டுகளாக அந்த மொழியில் கேட்டுக் கண் கலங்கியவர்கள் நாங்கள். எங்களுக்காக மொழியை மாற்றவேண்டிய அவசியம் என்ன?

'நத்திங் வித்தவுட் யுவர் லவ்' ரசிகர்களுக்கு நன்றி சொல்லும் பாட்டு. மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து பாடுவதற்கென்றே கட்டியது. வீட்டில் தனியே கேட்டால் சற்று வெறிச்சோடித் தெரிகிறது. அது பாட்டின் குற்றமல்ல. கல்யாணப் பந்தலைக் காலையில் பிரிக்கும்போது பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

'லூசர்' பாட்டில் யேனா என்ற பாடகி உடன் பாடுகிறார். கணவன் மனைவி சண்டை போல ஒருவரை ஒருவர் வாரிக்கொள்கிறார்கள். நகைச்சுவை ஜின்னுக்குக் கைவந்த கலை. 2021-இல் சூரை மீனைப் பற்றி ஒரு விளையாட்டுப் பாட்டுப் பாடி உலகத்தையே ஆடவைத்தவர் ஆயிற்றே! அடுத்து வரும் 'ரோப் இட்' அமெரிக்க மாட்டுக்காரர்களின் சுருக்குக் கயிற்றை வைத்துச் செய்த உற்சாகப் பாட்டு. இரண்டும் இனிக்கின்றன. ஆனால் பாயசத்துக்குப் பிறகு உடனே ஜாங்கிரி வைத்ததுபோல் அடுத்தடுத்து வைத்திருக்க வேண்டாம்.

ஐந்தாம் பாட்டிலிருந்துதான் தொகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது. 'வித் த க்ளவுட்ஸ்' பாட்டில் அவர் யாரையும் சிரிக்கவைக்க முயலவில்லை. குரல் தயங்கித் தொடங்கிப் பிறகு தளை அறுத்துக்கொண்டு போகிறது. 'பேக்ரவுண்ட்' பாட்டு, தான் நேசிப்பவரின் வாழ்க்கையில் வெறும் பின்னணியாக நின்றுவிட்ட ஒருவரின் குரல். எனக்குத் தொகுப்பிலேயே மிகப் பிடித்தது இதுதான். எழுவரில் ஒருவராக, ஓரிரு வரிகளோடு ஓரத்தில் நின்ற மனிதர் 'பின்னணி' என்ற தலைப்பில் ஒரு பாட்டை முழுசாகத் தன் குரலால் நிரப்பும்போது, அதற்கு விளக்கவுரை தேவையில்லை. தலைப்புக்கு அப்படிப் பொருள் கொண்டது என் மனம். அவர் அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம். கடைசிப் பாட்டான 'டு மீ, டுடே' தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்வது. நல்ல முடிவு. ஆனால் மறுபடியும் சிரிப்பு.

என் வழக்கே இந்தச் சிரிப்பைப் பற்றியதுதான்.

ஜின் ராணுவத்திலிருந்து திரும்பிய மறுநாளே ஆயிரம் ரசிகர்களை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவரையும் அணைத்து வரவேற்றார். மற்ற அறுவரும் பணியில் இருந்த காலம் அது. எழுவரில் கடைசி ஆள் திரும்பியது 2025 ஜூனில். அதுவரை ரசிகர்களுக்குத் துணையாக இருப்பதைத் தம் கடமையாக அவர் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் தொகுப்பின் பெயரே 'மகிழ்ச்சி' என்றுதானே வைத்தார்! வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் சின்னவர்கள் அழுதுவிடாமல் வேடிக்கை காட்டும் மூத்த அண்ணனின் வேலை அது. அந்த அன்புக்கு நான் கடமைப்பட்டவன்.

ஆனால் அண்ணனுக்கும் ஒரு நாள் அழவேண்டும் போலிருக்குமே, கோபம் வருமே, அதற்கு இடம் எங்கே? ஷின் ஜுங்-ஹியோனுக்கு எதிரே ஓர் அதிபர் இருந்தார். சோ தைஜிக்கு எதிரே தணிக்கைக்காரரின் பேனா இருந்தது. தடை செய்ய எவரும் இல்லாத காலத்தில் ராக் யாரை எதிர்க்கும் என்று கேட்கலாம். ஜின்னின் எதிரே நிற்பது எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு. அதைத் தயாரிப்பு நிறுவனம் மட்டும் உண்டாக்கவில்லை. அவர் முகம் சற்று வாடினாலும் பதறிப்போகும் ரசிகர்களாகிய நாங்களும் சேர்ந்துதான் உண்டாக்கினோம். 'பேக்ரவுண்ட்' பாட்டில் அந்த எதிர்பார்ப்பை அவர் மீறுகிறார். அந்த நான்கு நிமிடத்துக்குள்ளான நேரத்தில் அவர் அசல் ராக் பாடகர். மற்ற இடங்களில் ராக் உடை அணிந்த நல்ல பாடகர்.

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஏழு பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம் கூட ஆகவில்லை. ஒவ்வொரு பாட்டும் சூடு பிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. கிடாருக்குத் தனியாகப் பேச ஒரு நிமிடம் கொடுத்தால் யார் அடிக்கப் போகிறார்கள்? இரண்டாவது, ஒலிப்பதிவு இழைத்து இழைத்து மழமழவென்று இருக்கிறது. விரல் தந்தியில் உரசும் ஓசையும், பாடகர் மூச்சு வாங்கும் ஓசையும் கேட்டால்தான் மனிதர்கள் வாசிக்கிறார்கள் என்ற நம்பிக்கை வரும்.

2025 ஜூனில் கொரியாவின் கோயாங் நகரில் தொடங்கிய அவருடைய தனிப் பயணம் ஒன்பது நகரங்களுக்குச் சென்றது. ஜப்பான், அமெரிக்கா, லண்டன், ஆம்ஸ்டர்டாம் வரை போனவர் இந்தியாவில் ஒரு நகரத்துக்கும் வரவில்லை. தில்லி லாஜ்பத் நகரின் கொரியக் கலாசார மையத்தில் மொழி கற்றுக்கொள்ளப் போகும் நம் பிள்ளைகளுக்கு அதில் உள்ள வருத்தம் எனக்கும் உண்டு. என்றாவது வருவார். வரும்போது டிக்கெட்டுக்கு முதல் ஆளாக நான் நிற்பேன்.

அதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'எக்கோ' அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்ததை எனக்குச் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தெரியும். ஏழில் எந்தப் பாட்டை இரண்டாம் முறை கேட்கத் தோன்றியது, எதை நடுவில் நிறுத்தினீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். பாராட்டை மட்டுமே கேட்டுப் பழகிய பாடகருக்குத் தன் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். எதிரொலி என்பதும் அதுதானே?