பட்டறிவும் பாதுகாப்பும்

நியூயார்க் நகரின் புறநகர்த் தொடர்வண்டி நிறுவனமாகிய மெட்ரோ நார்த், 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தபோது, பட்டறிவு மிக்க அலுவலர் பலர் ஓய்வு பெற்றனர். 2013 டிசம்பர் 1 அன்று, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் செல்லவேண்டிய வளைவில் ஒரு வண்டி 132 கி.மீ. வேகத்தில் பாய்ந்து தடம் புரண்டது, நால்வர் உயிரிழந்தனர். ஓட்டுநர் கண்ணயர்ந்ததே உடனடிக் காரணம். ஆயினும், நிறுவனம் பாதுகாப்பைவிடக் காலந்தவறாமையையே பெரிதாகக் கருதியது என்றும், பயிற்சி போதவில்லை என்றும் அரசின் ஆய்வு சுட்டியது.

விதிகளை நூலில் எழுதிவிடலாம். ஆனால், எப்போது வண்டியை நிறுத்திவைக்க வேண்டும் என்று துணிந்து கூறப் பட்டறிவு வேண்டும். ஆகவே, மூத்தோர் விடைபெறுமுன் இளையோர் அவர்களுடன் பணியாற்றிப் பழகுதல் வேண்டும். வண்டி தாமதமாக வருவது குறையே. வாராமற்போவது பேரிழப்பு அன்றோ?