புல்தரையின் குறும்பு

டென்னிஸுக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். புல்லைக் கண்டால் நம்மூரில் மாட்டைத்தான் அவிழ்த்து விடுவார்கள். ஆனால் ஏரி வற்றிவிட்டால் பையன்களுக்குக் கிரிக்கெட் மைதானம் அதுதான். வெடித்த மண்ணில் விழுந்த பந்து எப்படி எழும்பும் என்பது போட்டவனுக்கே தெரியாது. பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கினவன் அங்கே முதல் பந்திலேயே வெளியேறுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். புல்தரை டென்னிஸிலும் இந்தக் குறும்பு உண்டு.

1973-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், உலக ஆட்டக்காரர்களைக் கணிப்பொறி கொண்டு வரிசைப்படுத்தி முதன்முதலாக ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். முதலிடம் ருமேனியாவின் நஸ்டாஸேக்கு. சில நாட்களுக்கெல்லாம் நியூயார்க்கில், பாரஸ்ட் ஹில்ஸ் புல்தரையில் அமெரிக்கப் போட்டி தொடங்கிற்று. இரண்டாவது சுற்றிலேயே நஸ்டாஸே தோற்றார்! பெண்கள் பிரிவில் பில்லி ஜீன் கிங் வெயில் தாங்காமல் ஆட்டத்தைப் பாதியில் விட்டார். பட்டியல் போட்டவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டு விடுகிறோம்.

நமக்கு முக்கியமானது மூன்றாவது சுற்று. ஒரு பக்கம் ராட் லேவர்: ஒரே வருஷத்தில் நான்கு பெரும் பட்டங்களையும் வெல்லும் சாதனையை 1962, 1969 என இருமுறை செய்து காட்டிய மகாவீரர். மறுபக்கம் சென்னையிலிருந்து சென்ற பத்தொன்பது வயது விஜய் அமிர்தராஜ். ஐந்தாவது செட் வரை போராடி விஜய் ஜயித்தார். காலிறுதியில் அவரைத் தடுத்தவரோ லேவரையும் விட மூத்தவரான கென் ரோஸ்வால்! மறுவருஷம் அதே மைதானத்தில் போர்க்கை விஜய் வென்றார். அப்போதும் ரோஸ்வாலே குறுக்கே நின்றார்.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட நாம் ஒப்பமாட்டோம். புல்லில் பந்து உயராமல் வழுக்கிக்கொண்டு வரும். புல் தேய்ந்த இடத்தில் கோணலாக எழும்பும். நெடுநேரம் அடித்துக்கொண்டிருக்க இடமில்லை. ஓரிரண்டு புள்ளிகளில் செட் கைமாறிவிடும். குனிந்து, முந்தி, மென்மையாகப் பந்தைத் தொடத் தெரிந்தவனுக்கு அது அனுகூலம். புயல் போன்ற சர்வீஸ் இல்லாமலே ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷங்களிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார் அல்லவா?

ஆனால் 1975-இல் பாரஸ்ட் ஹில்ஸில் புல்லை அகற்றி மண் போட்டார்கள். 1988-இல் ஆஸ்திரேலியப் போட்டியும் புல்லைக் கைவிட்டது. பெரும் போட்டிகள் நான்கில் இன்று விம்பிள்டன் ஒன்றுதான் மிச்சம்.

தரை மாறினால் என்ன ஆகும்? 1987 டேவிஸ் கோப்பையைப் பாருங்கள். சிட்னி நகரப் புல்தரையில் ஆஸ்திரேலியாவை நம்மவர்கள் 3-2 என்று வீழ்த்தினார்கள்; கிருஷ்ணனின் குமாரர் ரமேஷ் தனியாட்டங்கள் இரண்டையும் ஜயித்தார். இறுதிப் போட்டி சுவீடனில். தரையைத் தேர்ந்தெடுப்பது அழைப்பவர் உரிமை. அவர்கள் கோத்தன்பர்க்கில், கூரைக்கு அடியில், மண்ணைக் கொட்டிப் பரப்பி வைத்துக்கொண்டு அழைத்தார்கள். ஐந்து ஆட்டங்களிலும் நம்மவர்கள் தோற்றார்கள்.