ஆடாமலே வெல்ல முடியுமா?

ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. 2023 செப்டம்பர் 20 அன்று இந்திய ஆடவர் கைப்பந்து அணி தென்கொரியாவை 3-2 என்று வீழ்த்தியது. முதல் செட்டை 25-27 என்று கோட்டைவிட்டு, இரண்டாவதை 29-27 என்று பறித்து, கடைசி செட்டை 17-15 என்று முடித்த ஆட்டம் அது. அப்போது உலகத் தரவரிசையில் கொரியா 27-வது இடத்திலும் இந்தியா 73-வது இடத்திலும் இருந்தன. ஒரு நாள் முழுக்க நாடே கைப்பந்தைப் பற்றிப் பேசியது.

அடுத்த ஆறு நாளில் கதை மாறியது. காலிறுதியில் ஜப்பானிடம் 0-3, ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-3. ஜப்பான் தன் முதல்தர அணியை அங்கே அனுப்பவே இல்லை. அதை ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காகத் தனியே வைத்திருந்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது ஆறாம் இடம்.

கொரியாவைச் சாய்த்ததும் பாகிஸ்தானிடம் சரிந்ததும் ஒரே அணிதான். திறமை இல்லாத அணியால் முதலாவது முடியாது. பழக்கப்பட்ட அணிக்கு இரண்டாவது இவ்வளவு எளிதில் நேராது. நம் அணிக்குக் குறை திறமையில் இல்லை, வெளிநாட்டு அணிகளோடு ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கையில்தான். அதைக் கூட்டாமல் பதக்கத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

பழைய ஏடுகளைப் புரட்டினால் இந்தக் குறை இன்னும் உறுத்தும். ஆசிய விளையாட்டில் 1958-இல் வெண்கலம், 1962-இல் வெள்ளி, 1986-இல் சியோலில் மீண்டும் வெண்கலம். அந்த 1986 அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜ், இத்தாலி கிளப்புகள் அழைத்துச் சென்று ஆடவைத்த வீரர். கைப்பந்துக்கான முதல் அர்ஜுனா விருதை 1961-இல் பெற்றவர் தமிழகத்தின் ஏ. பழனிசாமி. ஆனால் சியோலுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் பதக்கம் ஒன்றுகூட இல்லை. 1964 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் இந்த ஆட்டத்தில் நாம் ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை.

‘நம் ஆட்களுக்கு உயரம் போதாது’ என்பது வழக்கமான சமாதானம். ஜப்பானின் யூஜி நிஷிதா 1.86 மீட்டர்தான், உலகின் பெரிய பிளாக்குகளைத் தாண்டி அடிக்கிறார். ‘கிரிக்கெட் விழுங்கிவிட்டது’ என்பது இன்னொன்று. அதுவும் அரை உண்மையே. அப்படிச் சொல்பவர்கள் பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலத்தில் தென்மாவட்டத்து ஊர்களுக்குப் போய்ப் பார்க்கட்டும். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் மைதானத்தில், விடிய விடிய மின்னொளிக் கைப்பந்துப் போட்டி நடக்கும். ஒரு ஸ்மாஷ் விழுந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். ஹாங்சோ சென்ற அணியின் செட்டர்களான முத்துசாமி அப்பாவு, உக்கிரபாண்டியன் இருவருமே தமிழகத்தவர்கள்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2003-இல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இந்தியா இறுதிவரை போய் வெள்ளி வாங்கியது. 2009-இல் புனேயில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நான்காம் இடம். அந்தப் பையன்கள் பெரியவர்கள் ஆனபோது அணி ஏன் ஏறவில்லை? ஈரானைப் பாருங்கள். 2007-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்றது. 2011-இல் ஹூலியோ வெலாஸ்கோவைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அந்த ஆண்டே ஆசிய சாம்பியன். 2014 உலக சாம்பியன்ஷிப்பில் ஆறாம் இடம், 2016-இல் ஒலிம்பிக். இளைஞர்களை வளர்த்து, நல்ல பயிற்சியாளரிடம் ஒப்படைத்து, பெரிய அணிகளோடு ஓயாமல் மோதவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தை.

நாம் செய்தது என்ன? நிர்வாகிகளின் கோஷ்டிப் பூசல் முற்றி, 2016 டிசம்பரில் சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனம் இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. நாற்காலிச் சண்டை நடக்கும்போது முகாமும் பயணமும்தான் முதலில் அடிபடும். ‘இப்போது பிரைம் வாலிபால் லீக் இருக்கிறதே’ என்பார்கள். 2022-இல் தொடங்கிய அந்த லீக் நல்லதுதான். வீரர்களுக்குப் பணமும் தொலைக்காட்சியில் முகமும் கிடைத்தன. ஆனால் சில வார லீக் தேசிய அணியை உருவாக்காது. லீக்கில் எதிரெதிரே நிற்கும் செட்டரும் அடிப்பவரும் ஆண்டு முழுக்கச் சேர்ந்து ஆடினால்தான் கண் பார்க்காமலே பந்து கை சேரும்.

எனவே மூன்று காரியங்கள் உடனே நடக்க வேண்டும். ஒன்று, தேசிய அணிக்கு ஆண்டுக்குக் குறைந்தது முப்பது வெளிநாட்டு ஆட்டங்கள் என்று சம்மேளனம் முன்கூட்டியே அட்டவணை போட்டு வெளியிட வேண்டும். அரசு நிதி அதை ஒட்டியே வழங்கப்பட வேண்டும். இரண்டு, பயிற்சியாளருக்கு நான்காண்டு முழுப் பொறுப்பு. ஒரு தோல்விக்கு அவரை மாற்றக் கூடாது. மூன்று, 19 வயது அணியில் ஆடியவர்களை ஐந்தாண்டுக்குக் கலைக்காமல் ஒரே முகாமில் வைத்திருக்க வேண்டும். ரயில்வே, வங்கி, படைத்துறை அணிகள் இதற்காகவே அவர்களை விடுவிக்க வேண்டும்.

2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா ஆசைப்படுகிறது. அது கைகூடினால், போட்டி நடத்தும் நாடு என்ற முறையில் கைப்பந்து அணிக்கு இடம் தானாகவே வந்துவிடும். பந்தியில் இலை போட்டு உட்காரவைப்பார்கள். ஆனால் சாப்பிடத் தெம்பு நம்மிடம் இருக்க வேண்டாமா?