மண்ணோடு மண்ணாகப் போகவிட்டோம்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் 1980களில் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். கூடவே இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வாலின் முள்ளெலும்பு. நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் அந்த விலங்குக்குப் புருகத்காயோசரஸ் என்று பெயர் வைத்தார்கள். 2023இல் வெளியான ஒரு கணிப்பின்படி அதன் எடை 110 டன்னைத் தாண்டியிருக்கலாம். அது சரியென்றால், இந்தப் பூமியில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று காவிரிக்கு வடக்கே நம் மண்ணில் நடந்திருக்கிறது.

அந்த எலும்புகள் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. மண்ணிலிருந்து எடுக்கும்போதே நொறுங்கும் நிலையில் இருந்த அவை, மழையையும் ஈரத்தையும் தாங்காமல் பொடிந்துபோயின. 2017இல்தான் இது ஆய்வுலகுக்கே தெரியவந்தது. அதற்குள், கல்மரத் துண்டுகளைத்தான் எலும்பென்று எண்ணிவிட்டார்களோ என்றுகூட வெளிநாட்டு ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டிருந்தார்கள். இல்லை என்று எடுத்துக்காட்ட நம்மிடம் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. சில வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தான் சாட்சி.

தோண்டியவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. கிடைத்ததைப் பதிவுசெய்து உலகுக்குச் சொன்னவர்கள் அவர்கள். அப்படியொன்று கிடைத்ததையும் அழிந்ததையும் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் முப்பது ஆண்டுகள் இருந்தவர்கள் நாம். ஒரு கோயிலில் சிலை காணாமல் போனால் ஊரே திரள்கிறது, திரளவும் வேண்டும். இந்த இழப்புக்கு ஒருவரும் திரளவில்லை.

அதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திரன் கடல் கடந்து சென்ற கதையைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கடலே இங்கு வந்து போன கதையைச் சொன்னதில்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிக்குள் கடல் புகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னேறியும் பின்வாங்கியும் அது விட்டுச்சென்ற படிவுகளில் கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதி அடுக்கடுக்காகப் பதிவாகியிருக்கிறது. 1840களிலேயே இங்கிருந்து சிப்பிகளும் நத்தைகளும் லண்டனுக்குப் போயின. 1860களில் தொடங்கி, தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இப்பகுதியின் புதைபடிவங்களை ஒவ்வொன்றாக விவரித்துப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். உலகெங்கும் உள்ள தொல்லுயிரியல் மாணவர்களுக்கு அரியலூர் தெரியும். பேருந்தில் அந்த வழியே போகும் நமக்கு அது சிமெண்ட் ஊர் மட்டும்தான்.

பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போய்ப் பாருங்கள். மழைநீர் அறுத்த ஓடைகளும் முகடுகளுமாக, புல் பூண்டு அதிகமில்லாத களிமண் நிலம். காலடியில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். குனிந்து தேடினால் விரல் நீளத்தில் ஒரு முனை கூர்ந்த கற்கள் கிடைக்கும். அவை பெலம்னைட்டுகள், கணவாயின் உறவான ஓர் உயிரின் உள்ளோட்டுப் பகுதி. வரி வரியாகப் புடைத்துச் சுருண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமம் பலவற்றுக்குள் இருப்பதும் அம்மோனைட்டுதான். அதைப் பட்டுத்துணியில் வைத்துப் பூசை செய்கிற நாம், காரையில் கிடப்பதை மிதித்து நடக்கிறோம். இல்லையென்றால் பையில் போட்டுக்கொண்டு வந்து, அடுத்த வீடு மாறும்போது தூக்கி எறிகிறோம். எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்ற குறிப்பில்லாத புதைபடிவம் அறிவியலுக்கு ஏறக்குறைய பயனற்றது. பையில் போட்ட நொடியிலேயே அதன் வரலாறு போய்விடுகிறது.

அதே பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. அன்றைய கடலுக்குள் அடித்து வரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரம் அது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் ஊறி, சிறிது சிறிதாக அதைக் கல்லாக்கியது. 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். திருவக்கரையின் கல்மரங்களுக்கும் சென்னை பரங்கிமலையின் சார்னோகைட் பாறைக்கும் அதே தகுதி உண்டு. பரங்கிமலைக்கு எதிரே தினமும் விமானம் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பத்திரிகைக்காரர்களான எங்கள் பங்கும் சிறியதல்ல. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. அவை அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு திரண்டு உருவானவை என்று நிலவியலாளர்கள் விளக்கியதும் எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். உண்மையான அதிசயம் அந்த விளக்கத்தில்தான் இருந்தது.

சுண்ணாம்புச் சுரங்கங்களை மூடச் சொல்ல நமக்கு வாயில்லை. நம் வீடுகளின் சிமெண்டுக்கும் அந்தப் பழங்கடலின் சுண்ணாம்புதான் போயிருக்கிறது. ஆனால் வெட்டும்போது வெளிப்படும் படிவங்களை, அரவை இயந்திரத்துக்குப் போகுமுன் ஓர் ஆய்வாளர் பார்த்தாக வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காப் பட்டியலில் 2024இல் 48 நாடுகளைச் சேர்ந்த 213 இடங்கள் இருந்தன. இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லை. புவிமரபிடங்களைப் பாதுகாக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் ஒரு சட்ட வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நம்மில் மிகப் பெரும்பாலோர் அதைப் படிக்கவும் இல்லை, அது என்ன ஆயிற்று என்று எந்த வேட்பாளரிடமும் கேட்கவும் இல்லை.

இனியாவது கேட்போம். திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகள் ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைக் காரைக்கும் சாத்தனூருக்கும் அழைத்துப் போகட்டும். எதையும் எடுக்காமல் பார்க்கவும், புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு சொல்லவும் பழக்குவோம். கிணறு வெட்டும்போது விசித்திரமான கல் கிடைத்தால் யாரிடம் சொல்வது என்பது ஒவ்வொரு ஊராட்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்லமேட்டு மண்ணில் இன்னும் எலும்புகள் இருக்கலாம். அடுத்தது வெளிப்படும்போது அதை நொறுங்காமல் உறுதியாக்க ரசாயனமும், ஏற்றிச்செல்ல வண்டியும், வைத்துக் காக்க ஓர் இடமும் தயாராக இருப்பது, கேட்டு வாங்க வேண்டிய நம் பொறுப்பு.